பசலைக்கீரையும் பத்து ஆதாரங்களும்: ஊட்டச்சத்துக் கட்டுரைக்கு நூலகத்தில் தேடும் விதம்

கேட்டது இது: கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடத்துக்குப் பத்துப் பக்கத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தலைப்பு, பதப்படுத்திய உணவும் உடல் எடையும். குறைந்தது பத்து ஆதாரங்கள் வேண்டும், எல்லாம் நூலகம் வழியாகக் கிடைத்தவையாக இருக்க வேண்டும், கண்ட இணையதளத்திலிருந்தும் எடுக்கக் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கையில் மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

கல்லூரி நூலகத்தின் உதவி மேசையில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி வருபவர்கள் பெரும்பாலும் "பத்து ஆர்ட்டிகிள் வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்து ஆர்ட்டிகிளை எடுத்துக் கொடுக்கக் கால் மணி நேரம் போதும். அவற்றை வைத்து உருப்படியாக ஒரு கட்டுரை வராது என்பதுதான் சிக்கல். ஊட்டச்சத்துத் துறையில் ஒரு தகவல் கைமாறக் கைமாற உருமாறிக்கொண்டே போகும். ஆய்வில் இருந்தது அதன் சுருக்கத்தில் கொஞ்சம் மாறும், செய்தித்தாளில் இன்னும் கொஞ்சம் மாறும், வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது அடையாளமே தெரியாது. அதனால் உங்களுக்கு நூலகத்தில் முக்கால்வாசி வேலை, ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த இடம்வரை துரத்திக்கொண்டு போவதுதான்.

ஏன் என்று புரிய பசலைக்கீரைக் கதையைச் சொல்ல வேண்டும். பசலைக்கீரையில் இரும்புச்சத்து எக்கச்சக்கம் என்ற நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அளவு பத்து மடங்காகிவிட்டது, அதை நம்பித்தான் கீரை தின்று பலம் பெறும் பாப்பாய் கார்ட்டூனே வந்தது. 1981-இல் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. இதழின் பெயர் பெரியது, கதையும் சுவையானது, பிறகு கேட்க வேண்டுமா? பின்னால் வந்தவர்கள் அதையே ஆதாரமாகக் காட்டத் தொடங்கினார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் பழைய நூல்களையும் இதழ்களையும் தோண்டிப் பார்த்தார். தசமப் புள்ளி தவறியதற்கு ஒரு சான்றும் அகப்படவில்லை. பாப்பாய் கீரை தின்பதற்கு 1932-ஆம் ஆண்டுப் படக்கதையில் சொல்லப்பட்ட காரணம் வைட்டமின் ஏ. இரும்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பொய்யைத் திருத்த வந்த கதையே பொய்யாகப் போனது. 2014-இல் ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற நார்வே ஆய்வாளர், படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டும் பழக்கம் கல்வியுலகில் எப்படிக் கட்டுக்கதைகளை வளர்க்கிறது என்று காட்ட, இந்தக் கீரையையே உதாரணமாக எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்.

பச்சைப் பசலைக்கீரையில் 100 கிராமுக்குச் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதில் உடல் உறிஞ்சிக்கொள்வது சொற்பம். இந்த இரண்டு வரியைச் சொல்ல எந்தக் கதையும் தேவையில்லை, ஓர் உணவுச் சத்து அட்டவணையும் ஒரு பாடநூலும் போதும். நான் மாணவர்களிடம் கறாராகச் சொல்லும் ஒரே விதியும் இங்கிருந்து வந்ததுதான்: நீங்களே திறந்து படிக்காத எதுவும் உங்கள் ஆதாரப் பட்டியலில் இருக்கக் கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேராசிரியரின் நிபந்தனையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "இணையம் கூடாது" என்பவர்களில் பலர் சொல்ல வருவது, யார் எழுதியது என்றே தெரியாத பக்கங்கள் கூடாது என்பதைத்தான். இன்றைய நூலகத்தில் பெரும்பகுதி திரையில்தான் இருக்கிறது. நூலகம் சந்தா கட்டி வாங்கும் ஆய்விதழ்களைக் கல்லூரிக் கணக்கில் உள்நுழைந்து வீட்டிலிருந்தே படிக்கலாம். அவை இணையத்தில் இருந்தாலும் நூலக ஆதாரங்களே. உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சேருமா, எத்தனை ஆண்டுகளுக்குள் வந்தவை வேண்டும், மூல ஆய்வுகள் குறைந்தது எத்தனை, மேற்கோள் ஏபிஏ நடையிலா வான்கூவர் நடையிலா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கடைசி நாள் இரவில் தெரியவந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அடுத்தது தலைப்பு. "பதப்படுத்திய உணவும் உடல் எடையும்" என்பது தலைப்புதான், இன்னும் கேள்வியாகவில்லை. ஒருமுறை ஒரு மாணவி துண்டுச்சீட்டில் "உடல் பருமன்" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன். கல்லூரி மாணவர்களுக்கு என்றார். எதனால்? குளிர்பானத்தால். எதோடு ஒப்பிட்டு? யோசித்துவிட்டு, தண்ணீர் குடிப்பவர்களோடு என்றார். எதை அளந்து? எடையையா, இடுப்புச் சுற்றளவையா? இப்படி ஐந்து நிமிடம் பேசியதில் ஒரு சொல் ஒரு கேள்வியாகிவிட்டது. மருத்துவத் துறையில் இதற்குப் பிகோ என்று பெயர்: ஆட்கள், செய்வது, ஒப்பீடு, விளைவு. பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். தேடுவதற்கான சொற்கள் அந்தப் பதில்களிலிருந்துதான் வரப்போகின்றன.

உங்கள் தலைப்பில் கூடுதலாக ஒரு வழுக்கல் உண்டு. "பதப்படுத்திய" என்றால் என்ன? பாலைக் காய்ச்சுவதும் பதப்படுத்தல்தான், பட்டாணியை உறையவைப்பதும் பதப்படுத்தல்தான். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் இந்தக் குழப்பத்தைச் சுட்டிக்காட்டி, உணவை எந்த அளவுக்கு, எதற்காகப் பதப்படுத்துகிறார்கள் என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும் என்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நோவா வகைப்பாடு. அதில் நான்கு பிரிவுகள். உறையவைத்த பட்டாணி போல அதிகம் பதப்படுத்தாதவை முதல் பிரிவு. எண்ணெய், சர்க்கரை, உப்பு போன்ற சமையல் பொருள்கள் இரண்டாவது. உப்புநீரில் போட்டு டப்பாவில் அடைத்த காய்கறி போன்றவை மூன்றாவது. குளிர்பானமும் பாக்கெட் நொறுக்குத்தீனியும் நான்காவது. இந்த நான்காவதைத்தான் "அல்ட்ரா ப்ராசஸ்டு" என்கிறார்கள், தமிழில் அதீதமாகப் பதப்படுத்தியது. இது தெரியாமல் வெறுமனே "ப்ராசஸ்டு ஃபுட்" என்று தேடினால், தொழிற்சாலையில் ஜாமின் நிறம் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுவரை வந்து குவியும். இன்னொன்று, இந்தச் சொல் பரவுவதற்கு முந்தைய ஆய்வுகளில் இதே விஷயம் "ஃபாஸ்ட் ஃபுட்", "ஸ்நாக்ஸ்", "சர்க்கரை சேர்த்த பானங்கள்" என்று வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும்.

இந்த மாதிரிச் சொற்களைப் பிடிக்கத்தான் முதல் இரண்டு நாள் புத்தக அலமாரியில் செலவிடச் சொல்கிறேன். பலரும் நேரே ஆய்வுக்கட்டுரைக்குத் தாவிவிடுகிறார்கள், முதல் பத்தியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஊட்டச்சத்துப் பாடநூல் ஒன்றும் துறைக் கலைக்களஞ்சியம் ஒன்றும் எடுத்து, உங்கள் தலைப்பு வரும் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் அடுக்கிய நூலகமென்றால் உணவுமுறை நூல்கள் 613.2-இல் இருக்கும். செரிமானத்தின் உடலியங்கியல் 612.3, சத்துக்குறைபாட்டு நோய்கள் 616.39, உணவும் சத்தும் 641, உணவுத் தொழில்நுட்பம் 664, உணவு வழங்கல் சார்ந்த சமூகப் பிரச்சினைகள் 363.8. ஒரே பொருள் இத்தனை இடத்தில் சிதறிக் கிடக்கும், அதனால் ஒரே அலமாரியைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். எச்சரிக்கை ஒன்று: 613.2-இல் நல்ல பாடநூலுக்குப் பக்கத்திலேயே "பத்தே நாளில் இளைக்கலாம்" வகைப் புத்தகமும் நிற்கும். புத்தகத்தின் மேல் ஒட்டியிருக்கும் இந்த எண், அதாவது அழைப்பெண், புத்தகம் எதைப் பற்றியது என்று சொல்லும், சரக்கு நல்லதா என்று சொல்லாது. யார் எழுதியது, என்ன படித்தவர், பின்னால் ஆதாரப் பட்டியல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

அப்புறம்தான் ஆய்வுக்கட்டுரைகளைத் தேடும் தரவுத்தளம். உங்கள் தலைப்புக்கு முதலில் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996-லிருந்து நடத்துவது, காசு கிடையாது, 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. (இதன் மூதாதை 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய இண்டெக்ஸ் மெடிகஸ் என்ற அச்சு அட்டவணை. தடித்தடியான தொகுதிகளைத் தூக்கிவைத்து விரலால் தடவித் தேடிய காலம் அது. இப்போதைய சலிப்பு எவ்வளவோ மேல்.) பதிவு என்றால் தலைப்பும் சுருக்கமும்தான், முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் கிடைக்காது. பப்மெட்டின் பெரும் பலம் மெஷ் எனப்படும் பொருள் தலைப்புகள். ஆசிரியர்கள் வைட்டமின் சி என்று எழுதினாலும் அஸ்கார்பேட் என்று எழுதினாலும், "அஸ்கார்பிக் ஆசிட்" என்ற ஒரே தலைப்பின்கீழ் சேர்த்துவைத்திருப்பார்கள். ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் முத்திரை விழுந்திருக்காது. அதனால் மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொல்லையும் சேர்த்தே போடுவது நல்லது.

தேடல் பெட்டியில் என்ன தட்டுவது என்று ஒருமுறை செய்தே பார்ப்போம். ஆங்கிலத்தில்தான் தட்டப்போகிறீர்கள், நான் தமிழில் எழுதிக்காட்டுகிறேன். ஒரு அடைப்புக்குள் "அல்ட்ரா-ப்ராசஸ்டு" ஆர் (OR) "அல்ட்ராப்ராசஸ்டு". நடுவில் ஆண்ட் (AND). இன்னொரு அடைப்புக்குள் "வெயிட் கெய்ன்" ஆர் "ஒபீசிட்டி" ஆர் "பாடி வெயிட்". ஒரே பொருள் தரும் சொற்களை ஆர் சேர்க்கும், வெவ்வேறு கருத்துகள் சேர்ந்தே வரும் கட்டுரைகளை மட்டும் ஆண்ட் நிறுத்திக்கொள்ளும். அடைப்பை விட்டுவிட்டால் இரண்டும் கலந்து குழம்பும். இணைப்புக்கோடு போட்டும் போடாமலும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், அதனால் இரண்டையும் போட்டேன். முடிவு ஆயிரக்கணக்கில் வந்தால் பயப்பட வேண்டாம். இடது பக்க வடிகட்டியில் முதலில் "சிஸ்டமேட்டிக் ரிவ்யூ" (வந்த ஆய்வுகளைச் சலித்துத் தொகுத்தவை) என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், பிறகு அதை நீக்கிவிட்டு "ராண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல்" (குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனை) பாருங்கள். பட்டியல் கையளவுக்குச் சுருங்கும். நாட் (NOT) என்ற சொல்லைத் தொடாதீர்கள். "குழந்தைகள் வேண்டாம்" என்று நாட் போட்டால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த நல்ல கட்டுரையும் போய்விடும். தட்டிய சொற்களையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நேற்று கிடைத்த கட்டுரை இன்று எங்கே போனது என்று தேடி அழுத முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்ற தரவுத்தளங்களைத் தேவைக்கேற்பத் தொட்டால் போதும். நோயாளிகளின் உணவு, செவிலியர் பராமரிப்பு என்று போனால் சினால். உணவு தயாரிப்புப் பக்கம் போனால் எஃப்எஸ்டிஏ. வேளாண்மையோடு தொட்டுக்கொண்டால் அக்ரிகோலா. ஒரு கேள்விக்கு இதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துத் தொகுத்துத் தருவது காக்ரேன். கூகுள் ஸ்காலர் 2004-லிருந்து இருக்கிறது, கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டுரையின் தலைப்பு தெரிந்து அதைத் தேடிப்பிடிக்க அதைவிட வேகமானது இல்லை. ஆனால் எதை மேலே காட்டுகிறது, ஏன் காட்டுகிறது என்று உங்களால் விளக்க முடியாது, பப்மெட்டில் முடியும்.

ஒரு நல்ல கட்டுரை கையில் சிக்கிவிட்டால் தேடல் பெட்டியைவிட அதுவே உங்களுக்கு அதிகம் உதவும். உங்கள் தலைப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்திய ஆய்வு, 2019-இல் செல் மெட்டபாலிசம் இதழில் வந்தது. 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்படி அமைத்துவிட்டு, வேண்டிய அளவு சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அதீதமாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் ஒருவர் சராசரியாக 500 கலோரி அதிகம் சாப்பிட்டார். எடை சுமார் 0.9 கிலோ கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. இந்தக் கட்டுரையின் ஆதாரப் பட்டியலைப் பார்த்தால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியும். "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பைச் சொடுக்கினால் அதற்குப் பிறகு வந்த ஆதரவும் எதிர்ப்பும் வரிசையாக வரும். பின்னால் ஒரு அடி, முன்னால் ஒரு அடி. பத்தில் ஐந்து ஆதாரம் இந்த ஒரு கட்டுரையிலிருந்தே வந்துவிடும். உங்கள் கட்டுரையில் எழுதும்போது 20 பேர், இரண்டிரண்டு வாரம் என்ற எல்லையையும் சேர்த்து எழுதுங்கள். "நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று எழுதினால் பேராசிரியரின் சிவப்புப் பேனா அங்கேதான் முதலில் இறங்கும்.

ஆய்வுகளில் என்ன வகை, எது எவ்வளவு தாங்கும் என்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். மக்கள் வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே கேட்டுக் குறித்துக்கொண்டு, பல வருடம் கழித்து யாருக்கு என்ன நோய் வந்தது என்று பார்ப்பது ஒரு வகை. குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காமல் பார்ப்பது வேறு வகை. இரண்டும் எதிரெதிராகப் பேசிய கதை ஒன்று உண்டு. பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனிகளை அதிகம் சாப்பிடுபவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருப்பதாக முதல் வகை ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மாத்திரையாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும்தானே? பின்லாந்தில் 29,133 ஆண்களைக் கொண்டு சோதித்தார்கள், எல்லோரும் புகைபிடிப்பவர்கள். 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரோடு நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையிலும் இதே போக்கு தெரிந்ததால் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். 1985-இல் அச்சான ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்து இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதியிருந்தால் முழுக்கத் தலைகீழாகப் போயிருக்கும். எதில் பழைய ஆதாரம் தாங்கும், எதில் தாங்காது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பெரிய இதழில் வந்த பெரிய ஆய்வு என்றாலும் அதன் இன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள். மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றி ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து நடந்த ப்ரெடிமெட் ஆய்வு 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சிலரைக் குலுக்கல்படி பிரிக்கவில்லை என்பது பின்னால் தெரியவந்தது; ஒரே வீட்டில் இருந்தவர்களை ஒரே குழுவில் போட்டிருந்தார்கள், ஓர் இடத்தில் மருத்துவமனை மருத்துவமனையாகவே ஒதுக்கியிருந்தார்கள். 2018-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு, வாசகங்களின் அழுத்தத்தைக் குறைத்துப் புதிதாக வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஆனாலும் 2013 பதிப்பை ஆதாரமாகக் காட்டினால் திரும்பப் பெற்ற கட்டுரையைக் காட்டியதாகத்தான் ஆகும். பப்மெட்டில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்தால் மேலேயே இதற்கான அறிவிப்பு இருக்கும். ஒரு கட்டுரைக்கு அரை நிமிட வேலை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "நிதி உதவி" வரியையும் படியுங்கள். 1967-இல் இதே நியூ இங்கிலாந்து இதழில், இதயநோய்க்குக் கொழுப்பையே முக்கியக் காரணமாகக் காட்டிச் சர்க்கரையின் பங்கைக் குறைத்துச் சொன்ன ஒரு மதிப்பாய்வு வந்தது. அதற்குச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது 2016-இல்தான் வெளியே வந்தது. வெளியே கொண்டுவந்தவர்கள் பயன்படுத்தியது பல்கலைக்கழக நூலகங்களின் காப்பகங்களில் தூங்கிய பழைய கடிதங்கள். (நூலகக்காரர்களுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை, மன்னித்துக்கொள்ளுங்கள்.) தொழில்துறைப் பணம் வாங்கிய ஆய்வு எல்லாமே பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டு, அதே கேள்விக்கு வேறு பணத்தில் நடந்த ஆய்வு என்ன சொல்கிறது என்று பக்கத்தில் வையுங்கள்.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. சுருக்கம் படித்தவுடன் முடிவுரைக்குப் போகாதீர்கள், "முறைகள்" என்ற பகுதிக்குப் போங்கள். அவர்கள் சாப்பிட்டதை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்களா, கடந்த ஒரு வருடத்தில் வாரத்துக்கு எத்தனை முறை என்று படிவம் கொடுத்தார்களா? நேற்று மதியம் சாப்பிட்டதே எனக்குச் சரியாக நினைவில்லை, ஒரு வருடக் கணக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கட்டுரையில் சுட்டிக்காட்டும் மாணவர் கம்மி.

எண்களில் இரண்டு குழிகள் உண்டு. முதலாவது, சதவீதம். தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சொன்னது. அதை 100-க்கு 18 பேருக்கு வரும் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். 100 பேரில் 5 பேருக்கு எப்படியும் வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடினால் அது கிட்டத்தட்ட 6 ஆகும், அவ்வளவுதான். இரண்டாவது, ஒரு சத்து தினம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் ஆர்டிஏ என்ற பரிந்துரை அளவு. ஆரோக்கியமானவர்களில் 97 முதல் 98 சதவீதம் பேரின் தேவையைப் பூர்த்தி செய்யும்படி உயர்த்தி வைத்த எண் அது. ஒருவர் அதற்குக் கொஞ்சம் கீழே சாப்பிட்டால் அவருக்குக் குறைபாடு என்று அர்த்தமில்லை. ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்குப் போதவில்லை என்று கணக்கிட வேண்டுமானால் ஈஏஆர் என்ற சராசரித் தேவை அளவைத்தான் எடுக்க வேண்டும். அது பாதிப் பேரின் தேவையைப் பூர்த்தி செய்யும் அளவு. வகுப்பில் இருபது பேரின் உணவுக் குறிப்பை வாங்கி ஆர்டிஏவோடு ஒப்பிட்டு "70 சதவீதம் பேருக்குக் குறைபாடு" என்று முடிக்கும் கட்டுரைகள் வருடா வருடம் வரும், வருடா வருடம் மதிப்பெண் இழக்கும்.

வேண்டிய கட்டுரைக்கு முன்னால் பணம் கேட்கும் பக்கம் வந்து நின்றால் வங்கி அட்டையை எடுக்காதீர்கள். முதலில் நூலகப் பட்டியலில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு முழுக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள், அங்கும் இல்லாவிட்டால் நூலகங்களுக்கிடையேயான கடன் வசதிக்கு விண்ணப்பியுங்கள். வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுப்பார்கள். வர நாளாகும். மூன்று வாரத்தில் முதல் வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஏஐ சாட்பாட்டிடம் ஆதாரம் கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் மேசைக்கு வருபவர்கள் நீட்டும் பட்டியலில், ஆசிரியர் பெயர், இதழ் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. ஒருநாள் மதியம் முழுக்க ஒரு பையனோடு உட்கார்ந்து எட்டுத் தலைப்பைத் தேடினேன், மூன்றுதான் உண்மையில் இருந்தன. அந்த மூன்றில் ஒன்று வேறு எதைப் பற்றியோ பேசியது. தேடலுக்கு மாற்றுச் சொற்கள் யோசிக்க அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பாடநூலில் புரியாத பத்தியை விளக்கச் சொல்லுங்கள். ஆதாரம் மட்டும் உங்கள் கையாலேயே தரவுத்தளத்திலிருந்து வரட்டும்.

குறிப்பெடுக்கும்போது ஒரு கட்டுரைக்கு ஒரு தாள் போதும். மேலே முழு விவரம், கட்டுரைக்கென்றே கொடுத்திருக்கும் டிஓஐ என்ற அடையாள எண்ணோடு. கீழே நான்கே வரி: யாரை ஆராய்ந்தார்கள், எப்படி அளந்தார்கள், என்ன கண்டார்கள், எங்கே பலவீனம். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், கட்டுரையை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். அப்படியே எடுத்த வரி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண்ணை உடனே எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து எது உங்கள் வரி, எது அவர்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது. ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருள் பட்டியலை நீங்கள் கேட்கும் நடையில் அடுக்கித் தரும். ஆனால் அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து, விடுபட்ட தொகுதி எண் இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஒட்டிவிடும், ஒருமுறை நீங்கள் பார்க்க வேண்டும்.

மூன்று வாரத்தை எப்படிப் பங்கு போடுவது என்றால், முதல் வாரம் கேள்வியும் தேடலும் கடன் விண்ணப்பமும், இரண்டாவது வாரம் படிப்பும் குறிப்பும், மூன்றாவது வாரம் எழுத்து. எழுதும்போது ஓர் இடத்தில் ஆதாரம் போதாமல் பள்ளம் விழும், அப்போது மறுபடி தேட வேண்டியிருக்கும். அது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்கென்று இரண்டு நாள் ஒதுக்கிவையுங்கள். நாளைக்கே உங்கள் நூலக உதவி மேசைக்குப் போங்கள். போகும்போது பேராசிரியர் கொடுத்த தாளையும், நான்கு கேள்விகளுக்கு நீங்கள் எழுதிய பதில்களையும், இதுவரை தட்டிப் பார்த்த சொற்களையும் கையோடு கொண்டு போங்கள். வெறும் கையோடு வந்து "பத்து ஆர்ட்டிகிள் வேணும்" என்பவரோடு பத்து நிமிடம் செலவிடுகிற அதே ஆள், இந்த மூன்று தாளோடு வருபவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.